சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

“சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல.” நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் வயதானவர்கள் பலரும் இப்படிச் சொல்வார்கள். உடனே நாம் குரலை உயர்த்துகிறோம். பாவம், அது அவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

உட்காதில் ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் மயிர்ச்செல்கள் வயதோடு அழிகின்றன, மறுபடி முளைப்பதில்லை. அதோடு மூளையிலும் ஒரு தேய்மானம் நடக்கிறது. ஒலியைக் கையாளும் மூளைப் பகுதியான கேட்டல் புறணியில் ஒவ்வொரு நரம்புச் செல்லுக்கும் ஓர் அலைவரிசை, அதாவது குறிப்பிட்ட ஓர் ஒலிச் சுருதி, சொந்தம். பக்கத்து அலைவரிசைகள் அதற்குள் கசியாதபடி, அடக்கும் செல்கள் வரப்புப் போல நிற்கின்றன. முதுமையில் வரப்பு கரைகிறது. பேச்சும் இரைச்சலும் ஒரே பாத்தியில் பாய்கின்றன.

இங்கேதான் புகையிலையிலுள்ள நிகோடின் வருகிறது. நாம் கவனித்துக் கேட்கும்போது மூளையே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. செல்களின் மேல் அதை ஏற்கும் பூட்டுப் போன்ற வாங்கிகளில் ஒரு வகையில் நிகோடினும் பொருந்திக்கொள்ளும். அதனால்தான் அவற்றுக்கு நிகோடினிக் வாங்கிகள் என்று பெயர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராஜு மெத்தரட்டே குழுவினர் விலங்குகளில் சோதித்தபோது, நிகோடின் கொடுத்ததும் செல்கள் தங்கள் சொந்த அலைவரிசைக்குக் கூடுதலாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் எதிர்வினை காட்டின. வரப்பு மறுபடி உயர்ந்தது.

சரி, மனிதர்களுக்கு? 2021இல் அதே வளாகத்தினர் வெளியிட்ட ஆய்வில் இளையோரும், அறுபதைக் கடந்தோரும் நிகோடின் சூயிங்கம் மென்றார்கள். வேறொரு நாள் நிகோடின் இல்லாத போலி கம். யாருமே புகைபிடிப்பவர்கள் அல்ல. இந்தத் தேர்வு முக்கியமானது. புகைப்பவரின் வாங்கிகள் ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். கம் மென்ற பிறகு அவர் நன்றாகக் கேட்டால், அது நிகோடினின் வேலையா, ஏக்கம் தணிந்ததன் பலனா என்று பிரித்தறிய முடியாது.

முடிவு கலவையானது. ஒலி அளவிலுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் நிகோடின் உதவியது. தொடக்கத்தில் தடுமாறிய முதியவர்களுக்கே அதிகம் உதவியது. சில கேட்டல் சோதனைகளில் எந்தப் பலனும் தெரியவில்லை. எனக்கு இதுவே நம்பிக்கை தரும் செய்தி: முதிய மூளையிலும் அந்த வாங்கிகள் இன்னும் வேலை செய்கின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகரெட்டைத் தொட வேண்டாம். புகைப்பவர்களுக்குக் காது மந்தமாகும் ஆபத்து கூடுதல். நிகோடின் தனியாகவே அடிமையாக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆய்வாளர்கள் தேடுவதும் நிகோடினை அல்ல. நிகோடினிக் வாங்கிகளிலும் பல வகை உண்டு; அவர்கள் தேடுவது கேட்டலைக் கூர்மையாக்கும் வகையை மட்டும் தொடும் மருந்தைத்தான்.