கட்டுப்பாடு வேறு, அடைத்துவைப்பு வேறு

சென்ற வாரம் செயற்கைப் பொது நுண்ணறிவு, அதாவது மனிதர் செய்யும் எந்த அறிவு வேலையையும் செய்யக்கூடிய இயந்திரம், பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்தேன். ஓரிடத்தில் திரையில் இப்படி வந்தது: "கட்டுப்பாடு மட்டும் போதாது, கட்டுப்பாடும் தேவை." நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். பேசியவர் முதலில் சொன்னது கன்டெய்ன்மென்ட், இரண்டாவதாகச் சொன்னது கன்ட்ரோல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் படத்தின் முக்கியமான வாக்கியம் பொருளற்றுப் போனது. இந்தக் குழப்பத்தைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

கன்டெய்ன்மென்ட் என்ற சொல்லின் வேர் எளிதானது. லத்தீனில் 'தெனேரே' என்றால் பிடித்திருத்தல். முன்னால் 'கொன்' சேர்ந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துவைத்தல். சரக்கு ஏற்றும் கன்டெய்னரும் இதே வேர்தான்.

இப்போது 'கட்டுப்பாடு' ஏன் பொருந்தாது என்று பார்ப்போம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவது கட்டுப்பாடு. இழுத்த பக்கம் மாடு திரும்பும். கோழியைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது வேறு வேலை. உள்ளே அது கொத்தட்டும், கத்தட்டும், முட்டையிடட்டும். வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான். கன்டெய்ன்மென்ட் இந்த இரண்டாவது வகை.

அணு உலையில் இந்த இரண்டும் கண்ணெதிரே தனித்தனியாக இருக்கின்றன. உள்ளே வினையைக் கூட்டிக் குறைப்பவை கட்டுப்பாட்டுத் தண்டுகள். உள்ளே எது தவறினாலும் கதிரியக்கத்தை வெளியே விடாமல் நிறுத்துவதற்காகக் கட்டப்படுவது சுற்றியுள்ள கான்கிரீட் கூடம். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் உலையின் உட்பகுதி ஏறக்குறைய பாதி உருகியது. கூடம் உடையாமல் நின்றது. 1986-இல் செர்னோபிலில் அப்படி ஒரு முழுமையான கூடமே கிடையாது. 'கட்டுப்பாடு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை ஒரு மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

செயற்கைப் பொது நுண்ணறிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் அந்தரத்தில் மிதக்கப் போவதில்லை. அதற்குச் சில்லுகள் வேண்டும், மின்சாரம் வேண்டும், சூட்டைத் தணிக்கக் காற்றோ தண்ணீரோ வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்குப் பயன்படும் என்விடியா நிறுவனத்தின் எச்100 சில்லு ஒன்று மட்டுமே 700 வாட் வரை இழுக்கும், ஏறக்குறைய ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு. இப்படி உடம்பு உள்ள ஒன்றை ஓர் அறையில் வைத்து, இணையக் கம்பியைப் பிடுங்கி, கதவைச் சாத்தலாம். அதுதான் கன்டெய்ன்மென்ட்.

ஆனால் அந்த உடம்பின் தேவைகளே ஓட்டையாகவும் ஆகலாம். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் குரியும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் இதைச் செய்து காட்டினார்கள். இணையத் தொடர்பே இல்லாத ஒரு கணினியின் சூட்டை ஏற்றி இறக்கி, 40 சென்டிமீட்டருக்குள் இருந்த இன்னொரு கணினிக்குத் தகவல் அனுப்பினார்கள். மணிக்கு 8 பிட்தான், ஆனாலும் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு, குளிர்விக்கும் விசிறியின் சத்தத்தை வைத்தே அனுப்பினார்கள். இதற்குத் தமிழில் கசிவு என்று அழகான சொல் இருக்கிறது. கட்டுப்பாடு தளரும், மீறப்படும், கசியாது. அடைத்துவைத்ததுதான் கசியும். நம் வினைச்சொற்களே சரியான சொல்லைக் காட்டிக்கொடுக்கின்றன.

சிலர் 'சிறைப்படுத்தல்' என்கிறார்கள். தொல்காப்பியத்தில் பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தாங்கும் அணைக்குக் 'கற்சிறை' என்று பெயர். அந்தப் பொருளில் இன்றைக்கும் சிறை புழங்கியிருந்தால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன். இன்று சிறை என்றால் குற்றமும் தண்டனையும்தான் நினைவுக்கு வரும். எந்தக் குற்றமும் செய்யாத ஒரு இயந்திரத்துக்கு அது ஒட்டாது.

வெறும் 'அடைப்பு' என்றால் மாரடைப்பும் சாக்கடையும் குறுக்கே வரும். அதனால் 'அடைத்துவைப்பு' என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அணு உலைக்கு 'அடைத்துவைப்புக் கூடம்' என்றும் நீட்டலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், முதலில் கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள், பக்கத்து வாக்கியத்தில் அதே சொல்லை வேறொன்றுக்குப் போட்டிருப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2020-இல் கொரோனா பரவிய தெருக்களை ஆங்கிலத்தில் கன்டெய்ன்மென்ட் ஸோன் என்றார்கள், தமிழ் அரசு அறிவிப்புகள் 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என்றன. எங்கள் தெரு முனையில் தகரம் அடித்த அன்று, பால் வாங்கப் போன பக்கத்து வீட்டம்மா வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து சொன்னது: "அடைச்சு வச்சுட்டாங்கப்பா."