ரசிகை: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில், தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ ஒரு கல்லூரிப் பெண்ணிடம் என்ன சீரிஸ் பார்க்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். "நான் டார்க் சை-ஃபை ஃபேன்" என்று பதில் வரும். இதில் தமிழ் என்று இருப்பது 'நான்' மட்டும்தான். மற்றதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த 'ஃபேன்' இருக்கும் இடத்தில் நாம் இதுவரை வைத்துப் பார்த்த தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணை வேறு வேறு ஆளாக்கிவிடுகின்றன. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆங்கிலத்திலேயே 'ஃபேன்' ஒரு வெட்டுப்பட்ட சொல். 'ஃபனாட்டிக்' என்பதன் தலையை மட்டும் வைத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூடிக் கூச்சல் போட்டவர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டியது. குத்துச்சண்டைப் பிரியர்களைச் சுட்டிய 'ஃபேன்சி'யிலிருந்து வந்தது என்போரும் உண்டு. பெரும்பாலோர் ஏற்பது முதல் விளக்கத்தைத்தான். 'ஃபனாட்டிக்'கின் வேர் லத்தீன் 'ஃபானும்', அதாவது கோயில். கோயிலில் சாமி வந்து தன்னை மறந்து ஆடுபவர் 'ஃபனாட்டிகுஸ்'. நம்மூர் வழக்கில் சொன்னால் சாமியாடி.

இதே பாதையில் தமிழ்ச் சொல் ஒன்றும் நடந்து வந்திருக்கிறது. அது 'வெறி'. சங்கப் பாட்டில் வெறி என்றால் வேலன், அதாவது முருகனின் பூசாரி, ஆடும் ஆட்டம். காதலில் மெலிந்து கிடக்கும் மகளைப் பார்த்துத் தாய் பயந்துபோய், முருகன் அணங்கிவிட்டான், பிடித்து வருத்துகிறான் என்று நினைத்து வேலனை அழைப்பாள். களம் இழைத்து, மறி என்னும் ஆட்டுக்குட்டியை அறுத்து அவன் ஆடுவான். மகளுக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. இந்தத் துறையைப் பாடியே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். பெண்பாற் புலவர் என்று கொள்வார்கள். அந்த 'வெறி'தான் பின்னால் கட்டுக்கடங்காத மோகம் என்று பொருள் விரிந்து, இன்று 'தலைவரோட வெறியன்' வரைக்கும் வந்து நிற்கிறது. ரோமாபுரிக் கோயிலும் குறிஞ்சிநிலக் களமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பொருளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வேரை மட்டும் பார்த்தால் 'ஃபேன்' என்பதற்கு இவ்வளவு நெருக்கமான சொல் தமிழில் வேறில்லை. என்ன செய்வது, 'வெறியன்' என்பதற்குப் பெண்பால் வழக்கில் இல்லை. 'வெறியள்' என்று எழுதினால் இலக்கணம் ஏற்கும், வாய் ஏற்காது.

அடுத்தது 'விசிறி'. இது மொழிபெயர்ப்பே அல்ல, சிலேடை. ஆங்கிலத்தில் காற்று வீசுவதும் 'ஃபேன்', மோகம் கொண்டவரும் 'ஃபேன்' என்பதை வைத்து யாரோ வேடிக்கையாகச் சொன்னது, வேடிக்கை என்பதே மறந்துபோய் மேடைப் பேச்சிலும் வாசகர் கடிதத்திலும் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில்கூட இந்த இரண்டுக்கும் பிறப்பு வேறு. வீசும் 'ஃபேன்', தானியம் தூற்றும் முறத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாயல்குடிப் பக்கம் விசிறி என்றால் பனையோலை விசிறி. கடற்கரையில் விசிறுவது வலையை. இரண்டிலும் தொலைக்காட்சிக்கு இடமில்லை. விட்டுவிடலாம்.

'பைத்தியம்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஏனென்றால் பெண்களுக்கு நாம் அதிகம் கொடுத்த பட்டம் அதுதான். ஆண் படம் பார்த்தால் ரசிகர், கொடி கட்டலாம், மன்றம் வைக்கலாம். பெண் தொடர் பார்த்தால் 'சீரியல் பைத்தியம்'. பித்தத்திலிருந்து பிறந்த சொல் இது. உடம்பில் பித்தம் ஏறினால் புத்தி தடுமாறும் என்ற பழைய வைத்தியக் கணக்கு. சிவனைப் 'பித்தா' என்று சுந்தரர் பாடிய செல்லமும் அந்தக் குடும்பத்தில் உண்டு என்பது சரிதான். ஆனால் இந்தக் கரையில் அந்தச் சொல்லை விளையாட்டாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 'பைத்தியம்' என்று பெயர் வைத்த பிறகு ஒருவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஊர் நினைத்த காலம் அது. இனி 'சீரியல் பைத்தியம்' என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் வேறு சொல் தேடச் சொல்லுங்கள்.

சரி, ரசிகை. 'ரசம்' என்ற வடசொல்லுக்குச் சாறு, சுவை என்று பொருள். நாம் சோற்றில் ஊற்றிக்கொள்வதும் அதுவே. சுவை அறிந்தவன் ரசிகன், சுவை அறிந்தவள் ரசிகை. ர தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய முறைப்படி எழுதினால் 'இரசிகை'. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசுப் பலகையில் 'இ' இருக்கும், பேருந்து நடத்துநர் வாயில் அது ராம்நாடு.

ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்கு நல்ல மதிப்பு இருந்தது. கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த டி.கே.சி.க்கு (டி.கே. சிதம்பரநாத முதலியார்) 'ரசிகமணி' என்று பெயர். அப்புறம் சினிமா வந்தது, ரசிகர் மன்றம் வந்தது, சொல்லின் எடை குறைந்தது. மன்றம் என்றாலே ஆண்கள்தான். பலகையில் இருக்கும் பெயர்களில் பெண் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளிநாட்டில் அறிவியல் புனைவுத் தொடர்களின் கதை இதற்கு நேர்மாறு. 'ஸ்டார் ட்ரெக்' தொடரை இரண்டாம் பருவத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டபோது, பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் கடிதம் எழுதும் இயக்கம் ஒன்றைக் கிளப்பினார்கள். கடிதங்கள் குவிந்தன. 1968இல் தொலைக்காட்சி நிறுவனம், தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டிவந்தது. அந்தத் தொடருக்கென்று வந்த முதல் ரசிக இதழ் 'ஸ்பாக்கனேலியா', 1967. தொகுத்தவர்கள் இரு பெண்கள். இன்று நம் பிள்ளைகள் "நான் அந்த ஜோடியை ஷிப் பண்றேன்" என்கிறார்களே, அந்த 'ஷிப்'பும் கப்பல் அல்ல. 90களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் இரண்டு துப்பறிவாளர்களும் சேர வேண்டும் என்று மல்லுக்கட்டியவர்கள் 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வாலை வெட்டி எடுத்த சொல். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், கடிதம் போட்டு, இதழ் நடத்தி, தொடரில் இல்லாத காட்சிகளைத் தாங்களே எழுதிச் சேர்த்து, 'ஃபேன்' என்ற சொல்லுக்கு வேலை கொடுத்தவர்களில் பெண்களே முன்னால் நின்றார்கள்.

இங்கேயும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, தொலைக்காட்சிக்கு முன்னால். இலங்கை வானொலி. பாக் நீரிணையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒலி இந்தக் கரையில் நம்மூர் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்டது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அஞ்சலட்டையில் பாட்டு கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வாசிக்கப்படுமா என்று அடுப்படியில் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை அறிவிப்பாளர்கள் 'நேயர்' என்று அழைத்தார்கள். நேயம், அன்பு. அது 'ஸ்நேகம்' என்ற வடசொல் என்று அகராதி சொல்லும். 'நெய்' என்னும் தமிழ் வேர் என்று தனித்தமிழ் அறிஞர்கள் சொல்வார்கள். எப்படியானாலும் ஒட்டுதல்தான் பொருள். அருமையான சொல். ஆனால் நேயர் கேட்பவர், பார்ப்பவர், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட தொடர் மீது தீராத ஈடுபாடு கொண்டவர் என்ற பொருள் அதில் வராது.

மிச்சம் இருப்பது 'சுவைஞர்'. என் ஓட்டு இதற்குத்தான். கலைஞர், அறிஞர், கவிஞர் போல அமைந்த சொல். ஆண், பெண் இருவருக்கும் பொது. 'ரசிகர்' என்பதன் நேர்த் தமிழ் என்று மட்டும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. இருண்ட கதைகளுக்கு இது தனியாகப் பொருந்துகிறது. ஏனென்றால் அச்சத்தையும் சுவையாக எண்ணிய மரபு நம்முடையது.

தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது, எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றில் அச்சம் எதிலிருந்து பிறக்கும் என்பதற்கும் பட்டியல் தருகிறது. 'அணங்கே விலங்கே கள்வர் தம்இறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அணங்கு, நம் கண்ணுக்கு அகப்படாத வருத்தும் சக்தி. 90களின் பிற்பாதியில் சன் டிவியில் 'மர்மதேசம்' பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகப் பயந்தவர்களுக்குத் தெரியும். விலங்கு, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சுவரைக் கிழித்துக்கொண்டு வரும் முகமில்லாத பிராணி. கள்வர், பிள்ளை காணாமல் போவதில் தொடங்கும் கதைகள் எல்லாம் இதில் அடங்கும். இறை, நமக்கு மேலே இருந்து ஆள்பவர். பெண்களின் பெயரையே பிடுங்கிக்கொள்ளும் அரசைக் காட்டும் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' இந்த நான்காவது அச்சம். இரண்டாயிரம் ஆண்டுப் பட்டியலில் இன்றைய ஓடிடி முழுக்க உட்கார்ந்துவிடுகிறது.

மருட்கைக்கும், அதாவது வியப்புக்கும், இப்படியே நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாக ஆவது. அறிவியல் புனைவு என்பதே இந்த நான்கும்தானே. இதையும் அச்சத்தையும் சேர்த்துக் கலக்கினால் அந்தப் பெண் சொன்ன 'டார்க் சை-ஃபை'.

பாம்பனில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜெர்மன் தொடரான 'டார்க்'கை மூன்று பருவமும் பார்த்து முடித்தவள். தாய் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் கையால் பறிக்கிற வேலை. மகள் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தொடரில் காலம் 33 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒரு தாயும் மகளும் (பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்) ஒருவருக்கொருவர் தாய். அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "அப்ப அவ இவளுக்கு மகளா, அம்மாச்சியா? என்ன மொற வச்சுடீ கூப்பிடுவாக?" இணையத்தில் வம்சவரைபடம் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் கேட்ட கேள்வியும் அதுவே.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதோடு 33 கூட்டினால் 1997, இன்னொரு 33 கூட்டினால் 2030. "சும்மா கூட்டிப் பாத்தேன்" என்று சிரித்தாள். அப்பத்தா சிரிக்கவில்லை. புயலில் ரயிலோடு போனவர்களை அறிந்த தலைமுறை அது. பேத்திக்கு அந்த ஊர் இடிந்த தேவாலயமும் சுற்றுலா வேனும். ஆனாலும் தொடரின் கணக்கை அவள் தன் கரையில் வைத்துத்தான் போட்டுப் பார்த்தாள். இதைப் பைத்தியம் என்றோ விசிறி என்றோ எப்படிச் சொல்வது? சுவைத்துப் பார்க்கிறவள் செய்யும் காரியம் இது.

இனி வகைப் பெயர். 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' அறிவியல் புனைவு என்று நிலைத்துவிட்டது. 'அறிபுனை' என்று சுருக்குவோரும் உண்டு. 'ஃபேண்டஸி'க்கு மிகுபுனைவு, மாயப்புனைவு என்று பலவும் புழங்குகின்றன. எனக்கு மிகுபுனைவு பிடிக்கும், மாயம் இல்லாத கதைக்கும் இடம் தருகிறது. சிக்கல் 'டார்க்'தான். 'இருண்மை' என்று போடக்கூடாது; நவீனக் கவிதை விமர்சனத்தில் அது புரியாமையைக் குறிக்கும் சொல்லாக முன்பே வேலையில் இருக்கிறது. 'கறுப்பு' வேறு அரசியல். 'இருள்புனைவு' என்றால் தெளிவாக இருக்கிறது, இரண்டு வகையையும் தழுவிக்கொள்கிறது.

எழுதும்போது: 'இருள்புனைவுத் தொடர்களின் சுவைஞர்'. ஒரு பெண் என்பதைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் 'ரசிகை', தாராளமாக. நாளிதழ்த் தலைப்பில் இடம் இல்லையென்றாலும் ரசிகை போதும். பேச்சில் அந்தப் பாம்பன் பெண் 'ஃபேன்' என்றே சொல்லட்டும், யாரும் தடுக்க வேண்டாம். 'சுவைஞர்' என்று நான் சொன்னதும் அவள் உதட்டைப் பிதுக்கி, "சமையல் நிகழ்ச்சி மாதிரி இருக்கு" என்றாள். அப்பத்தாவுக்கு மட்டும் பிடித்திருந்தது.