வாசலை மறித்தால் வழக்கு மாறும்

போராட்டத்தில் கலந்துகொண்டு வழக்கு வாங்கியவர்கள் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்ததும் சொல்வது, "நாங்கள் யாரையும் அடிக்கவில்லை, சார்" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மை. ஆனால், அடிதடிக்கு வெகு முன்னதாகவே சட்டம் குறுக்கே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு.

கோஷம், கறுப்புக் கொடி, காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் உட்காருவது, அமைச்சரைக் காரசாரமாக விமர்சிப்பது எல்லாம் உரிமைதான். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவதை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு காக்கிறது. அமைதியாகப் போராடியவர்கள் மீது சட்டவிரோதக் கூட்டம் என்று வழக்குப் போடுவது செல்லாது என 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் காவல் நிலையங்களில் சட்டவிரோதக் கூட்டப் பிரிவு தாராளமாகப் புழங்குகிறது என்பது என் நீண்டநாள் எரிச்சல்.

சிக்கல் முற்றுகையில்தான் வருகிறது. உள்ளே இருப்பவர் நினைத்தால் எழுந்து வீட்டுக்குப் போக முடியுமா? நான் முதலில் கேட்பது இதைத்தான். மேற்கு வங்கத்தில் 1967இல் தொழிலாளர்கள் நிர்வாகிகளைச் சூழ்ந்துகொண்டு நகரவிடாமல் வைக்கும் 'கெராவ்' பரவியது. தொழிலாளர் துறை அமைச்சரைக் கேட்காமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று ஐக்கிய முன்னணி அரசு சுற்றறிக்கையே அனுப்பியது. ஜெய் எஞ்சினியரிங் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஆளை அடைத்து வைப்பது குற்றமே. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிமறிப்பு 126ஆவது பிரிவு; அடைத்து வைத்தல் 127.

குடிநீர் கேட்டு ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை முற்றுகையிட்டவர்களுக்காக நான் ஆஜரான வழக்கில், மாலை வரை நடந்ததில் ஒரு குற்றமும் இல்லை. அதன் பிறகு யாரோ ஒருவர் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார். கைப்பையோடு உள்ளே நின்ற பெண் எழுத்தர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். கழிப்பறைக்குப் போகக்கூட வெளியே நின்றவர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. நீதிமன்றத்தில் அவர் அதைச் சொன்னபோது, வறண்டு கிடந்த குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. குடிநீர் வழக்கு பூட்டு வழக்காகிவிட்டது.

பூட்டியவர் ஒருவர்தானே என்று கேட்பார்கள். கூடும்போது சட்டப்படி இருந்த கூட்டம் பிறகு சட்டவிரோதக் கூட்டமாக மாறலாம் என்று 189ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. மாறியது தெரிந்தும் அங்கேயே நின்றால் அதுவும் குற்றம். பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றம் 190ஆவது பிரிவின்படி மற்றவர்கள் தலையிலும் விழும்.

அலுவலகத்தை விட்டு அதிகாரியின் வீட்டுக்குப் போய், அவர் மகள் படிக்கும் பள்ளியைச் சொல்லி "பார்த்துக்கொள்கிறோம்" என்பது இன்னும் மோசம். அது 351ஆவது பிரிவில் வரும் மிரட்டல். அதைப் போராட்டம் என்று வாதாட என்னிடம் வார்த்தை கிடையாது.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாசலில் ஓர் ஆள் போய்வரும் அளவு வழி விடுங்கள்; அது தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். யாராவது பூட்டையோ கல்லையோ கையில் எடுத்தால் ஒலிபெருக்கியிலேயே கண்டித்துவிட்டு, உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.