டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர்: முன்னாள் படைவீரர் குடும்ப ஓய்வூதிய விளக்கம்

ராணுவ ஓய்வூதியம் பெற்றுவந்தவர் காலமானால், அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது அதன் பொது அளவு; அடிப்படைத் தொகை மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது, அகவிலைப்படி தனி. ஓய்வுக்குப் பின் இறந்தவரின் மனைவிக்கு, இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் வரையோ, கணவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை, இந்த 30 விழுக்காட்டைவிட உயர்ந்த விகிதம் பொருந்தும்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், திருமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பெரியம்மாவுக்குப் பணம் வந்து சேர எட்டு மாதங்கள் ஆயின. மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்த பெரியப்பா, மாதம் முதல் தேதியன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டை மணக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குபவர். போர்வையின் நான்கு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பவர். அப்படிப்பட்டவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில், அதாவது பணி முடிந்து விடைபெறும்போது ராணுவம் தரும் பதிவேட்டில், பெரியம்மாவின் மாரியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒரு 'ஒய்' விட்டுவிட்டார். ஆதாரில் அந்த எழுத்து இருந்தது. காகிதங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் சரிபார்த்தவர், அவற்றில் எழுதியிருந்ததை ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் அருகருகே வைத்து, மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஓய்வூதியம், பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான 'ஸ்பர்ஷ்'ஷுக்கு மாறியிருந்தால், அதிலுள்ள குடும்ப விவரத்தையும் பார்க்கலாம். பிழை இருப்பின், உறுதிமொழிப் பத்திரத்துடன் தம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் (எங்களுக்கு மதுரை) மனு கொடுத்தால், அது அவரவர் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும்; மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த ஆபீஸ் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. கணவர் இருக்கும்போதே அவர் கையெழுத்துடன் திருத்துவது எளிது. அவருக்குப் பின், தான்தான் அந்த மனைவி என்று அந்த அம்மாள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓய்வுக்குப் பின் திருமணம் செய்தவர்களும் மனைவியின் பெயரைச் சேர்க்கலாம்.

இறப்பை வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதத்தில் வரவான தொகையைப் பின்னர் பிடித்துக்கொள்வார்கள். உயிர்வாழ் சான்றினை மனைவியும் ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு, அஞ்சல்காரர் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்துப் பதிவு செய்துகொடுக்கிறார்.

சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுகள் பணி தேவை. அதற்கு முன்பே ஓய்வூதியம் இல்லாமல் விலகியவரின் மனைவிக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது என்பதால், பலர் மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான பதவி வகித்த ஓய்வூதியம் இல்லாதோருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் வறுமை நிவாரணம் இருக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது, 2025 நவம்பர் முதல் 8,000 ஆகியுள்ளது. டிசம்பர் 7, கொடிநாளன்று நாம் உண்டியலில் போடும் காசு சேரும் நிதியிலிருந்துதான் இது வழங்கப்படுகிறது. விண்ணப்பத்துக்கு வழிகாட்டுவதும் அதே மாவட்ட நல அலுவலகமே.