மூளை ஸ்கேனில் தெரியும் வண்ணம் எதைச் சொல்கிறது?

"இதுல இவன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியுங்களா, டாக்டர்?" சேலத்தில் எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படிப்பில் பின்தங்கிய பையன், யாரோடும் பேசாத பெண், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் கணவர் என்று ஆள்தான் மாறும். சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளைப் படம் ஒன்றை ஃபோனில் காட்டி, "இந்த ஸ்கேன்தாங்க வேணும்" என்பார்கள். அதன் பெயர் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. அது எதை அளக்கிறது என்று தெரிந்துவிட்டால் வீண் செலவும் வீண் பயமும் பாதி குறைந்துவிடும்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா படுத்திருக்கும்போதே உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதி அதற்கு இல்லை. அதனால் ஒரு பகுதி மும்முரமானதும் அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, தேவைக்கும் அதிகமாகவே ரத்தம் பாய்கிறது. எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக ஈர்க்கும். ஆக்சிஜனோடு இருப்பதை ஈர்க்காது. இதை லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் என்ற வேதியியலாளர்கள் 1936-லேயே கண்டறிந்தார்கள். இந்த வித்தியாசத்தை வைத்தே மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி எலிகளில் காட்டினார். 1992-க்குள் மனிதர்களிலும் செய்தாயிற்று. ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

ஆக, கருவி பார்ப்பது ரத்தத்தை. நரம்பணுவின் துடிப்பு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். அதைத் தொடர்ந்து வரும் ரத்தம் உச்சத்தைத் தொட 5, 6 விநாடிகள் ஆகும். சிக்னலில் ஏற்படும் மாற்றமும் ஓரிரு சதவீதம்தான். படத்தின் ஒரு சின்னப் புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மலைமேல் நின்று பார்த்தால் மேட்டூர் வாய்க்கால் தண்ணீர் எந்த வயலுக்குத் திரும்புகிறது என்று தெரியும். அங்கே நிற்பது நெல்லா, மஞ்சளா, கரும்பா என்று தெரியாது. இந்தப் படமும் அவ்வளவுதான் சொல்லும்.

வண்ணமும் மூளையின் வண்ணம் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து, இன்ன அளவுக்கு மேல் மாறிய இடங்களுக்கு கம்ப்யூட்டர் பூசிய நிறம் அது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் 'காட்டினார்கள்'. கணக்கைக் கவனமில்லாமல் போட்டதும் மீனின் மூளையிலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. படத்தை அலசுகிறவருடைய கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் உதாரணம் இது.

அப்படியானால் இது எதற்குத்தான் உதவும்? மூளைக் கட்டிக்கோ வலிப்புக்கோ அறுவை சிகிச்சை செய்வதற்கு முன்னால் இது பெரிய துணை. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். மூளையின் இடது முன்பக்கத்தில் கட்டி. வலது கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பக்கத்தில்தான். கட்டிக்கும் பேச்சுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அந்த அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்தைக் காட்டும் சோதனையை விட்டுவிட்டு, ஹெட்ஃபோனில் பேசினோம். "அண்ணே, சந்தையில விக்கிற காயெல்லாம் மனசுக்குள்ளயே சொல்லுங்க. வாய் அசையக் கூடாது, தலை ஆடக் கூடாது." அரை நிமிடம் காய்கறி, அரை நிமிடம் ஓய்வு, மறுபடி காய்கறி. அப்புறம் கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னோம். பேச்சுக்கும் கைக்கும் உரிய இடங்கள் கட்டிக்குப் பக்கத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. நோயாளியின் மொழியிலும் அவருடைய அன்றாட வாழ்க்கையிலிருந்தும் சோதனையை அமைத்தால்தான் இது நடக்கும். இங்கிலீஷ் சொற்பட்டியலை அப்படியே ஓட்டுவதை நான் ஏற்பதில்லை.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கட்டியை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சரியாக விரியாமல் போகலாம். அங்கே மூளை வேலை செய்துகொண்டிருந்தாலும் படம் வெறுமையாக இருக்கும். வெறுமையான இடம் என்பதால் வெட்டலாம் என்று யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையின்போதே நோயாளியை விழிக்க வைத்து, பேசச் சொல்லி உறுதி செய்வார்கள்.

மனச்சோர்வு, ஆட்டிசம், கவனக்குறைவு ஆகியவற்றை இந்த ஸ்கேன் மூலம் ஆராய்கிறார்கள். பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்து சராசரி வித்தியாசம் சொல்வது வேறு, உங்கள் பிள்ளைக்கு இது இருக்கிறது என்று ஒற்றைப் படத்தில் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்யும் நிலை இன்னும் வரவில்லை. 'மூளைத் திறனைக் கண்டறிகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அவர் பேசியும் விளையாட விட்டும் கண்டுபிடிப்பார்.

சரி, உங்கள் மருத்துவரே இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்திருந்தால், வரும்போது சில விஷயங்களைச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது காபி குடித்தீர்கள் என்பது ஒன்று. இரண்டு மூன்று கப் காபியில் இருக்கும் காஃபினே மூளைக்குப் போகும் ரத்தத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைத்துவிடும். மூளை அதே வேலையைச் செய்தாலும் படம் மாறும். வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று நம்மூர்க்காரர்கள் சொல்வது சரிதான், ஆனால் அது சூடாகலாம், திருகாணி வேறு உலோகமாக இருக்கலாம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய ஆபரேஷன் கிளிப் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லேத் பட்டறையிலோ வெல்டிங், கிரைண்டிங் வேலையிலோ இருப்பவர்கள், என்றைக்காவது கண்ணில் இரும்புத் தூள் தெறித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம்.