ஸ்பெயின் தொலைத்த ‘ஷ’

சோப்புக்கு இன்றைய ஸ்பானிய மொழியில் ஹபோன். 500 ஆண்டுகளுக்கு முன் அதே சொல்லை அங்கே ஷபோன் என்றுதான் சொன்னார்கள். இஸ்தான்புல்லில் வயதான யூதப் பாட்டி யாரையாவது கேட்டால் இப்போதும் ஷவோன் என்பார். அவர் பேசுவது யூத ஸ்பானியம். லடினோ என்ற பெயர்தான் வெளியே பிரபலம்.

1492 மார்ச்சில் ஸ்பெயினின் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் யூதர்களுக்கு ஓர் ஆணை போட்டார்கள்: மதம் மாறு, இல்லையென்றால் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டுப் போ. கிளம்பியவர்களில் பலர் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுக்குள் சலோனிகா (இன்று கிரேக்கத்தில் இருக்கிறது), இஸ்தான்புல், இஸ்மீர், சரயேவோ என்று குடியேறினார்கள். அதன்பிறகுதான், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், ஸ்பெயினில் ‘ஷ’ ஒலி மெல்ல மெல்லத் தொண்டைப் பக்கம் நகர்ந்து, காறுவதுபோன்ற ஒரு ‘ஹ’ ஆனது. ஊரை விட்டு வந்தவர்கள் காதில் அது விழவே இல்லை, அதனால் அவர்கள் வாயில் பழைய ஒலி அப்படியே தங்கிவிட்டது.

உடனே “உறைந்துபோன பழைய ஸ்பானியம்” என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உறைந்த மொழி இப்படியெல்லாம் விளையாடுமா? துருக்கி மொழியில் பொயா என்றால் சாயம்; அதற்கு ஸ்பானிய வால் ஒட்டி பொயாதெயார், அதாவது சாயம் பூசுவது. எபிரேயத்தில் மஸல் அதிர்ஷ்டம். முன்னும் பின்னும் ஸ்பானிய ஒட்டு வைத்தால் தெஸ்மஸலாதோ, அதிர்ஷ்டங்கெட்டவன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஸ்பானியர்கள் சொல்லும் தொமிங்கோ ‘ஆண்டவரின் நாள்’ என்ற பொருளுள்ள கிறிஸ்தவச் சொல் என்பதால், அரபியிலிருந்து வந்த அல்ஹாத் இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நூற்றாண்டுக்கணக்கில் எழுதியதோ எபிரேய எழுத்தில்.

சலோனிகாவில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள், ஆகவே சனிக்கிழமை துறைமுகத்துக்கே விடுமுறை. அந்த ஊரிலிருந்து 1943இல் நாஜிகள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஒரே ஆண்டில் மொழி தன் பெரிய ஊரை இழந்தது.

ஆனால் தேய்மானம் அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. 1860இல் பாரிசில் உருவான ஒரு யூத அமைப்பு ஒட்டோமான் ஊர்களெங்கும் பிரெஞ்சுப் பள்ளிகள் திறந்தது. படித்த பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு கொச்சையாகப் பட்டது. 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது, “குடிமகனே, துருக்கி மொழி பேசு” என்ற இயக்கமும் அதே ஆண்டில் கிளம்பியது. அப்புறம் இஸ்ரேல் போனவர்களின் பிள்ளைகளுக்கு எபிரேயம். துருக்கியிலேயே தங்கிவிட்டவர்கள் வீட்டிலோ, தாத்தா எபிரேய எழுத்தில் எழுதிய கடிதத்தைப் பேரனால் எழுத்துக்கூட்டக்கூட முடியாது.

யுனெஸ்கோ இதைக் ‘கடுமையான ஆபத்தில் உள்ள மொழி’ என்கிறது. அந்தப் படிநிலைக்கு அளவுகோல் எளிமையானது: தாத்தா பாட்டி பேசுவார்கள், அப்பா அம்மாவுக்குப் புரியலாம், ஆனால் பிள்ளைகளிடம் பேசமாட்டார்கள்.

இஸ்தான்புல்லில் 1947இல் தொடங்கிய ‘ஷாலோம்’ வார இதழ் இன்று முக்கால்வாசிக்கும் மேல் துருக்கி மொழிதான், யூத ஸ்பானியத்துக்கு ஒரு பக்கம். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் முழுக்க இந்த மொழியிலேயே ஓர் இணைப்பு வருகிறது, பெயர் ‘எல் அமனேசெர்’. விடியல் என்று அர்த்தம்.