தேவசாயல்: சொல் விளக்கம்

கடவுளின் உருவாக மனிதர் படைக்கப்பட்டார்கள் என்ற விவிலியக் கருத்தைக் குறிக்கும் சொல். ஆதியாகமம் முதல் அதிகாரம், 26, 27ஆம் வசனங்களிலிருந்து வருவது.

பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு அந்த வசனம் பல குரல்களில் கேட்கும். சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் ‘நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்’. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துத் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவர்கள் அறிந்த கத்தோலிக்கப் பெயர்ப்பில் ‘நம் உருவிலும், நம் சாயலிலும்’. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரின் பைபிளில் ஸ்வரூப, ஹோலிகெ. (யுகாதிக்குத் தின்கிற ஹோளிகெ வேறு, இது ஒப்புமை.)

கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் பெயர்ப்பில் முன்னால் நிற்கும் சாயல், இரண்டாவதில் பின்னால் போய்விட்டது. எபிரேயத்தில் இருப்பவை செலெம், தெமூத் என்ற இரண்டு சொற்கள். ஒருவர் முதல் சொல்லுக்குச் சாயலைக் கொடுத்தார், இன்னொருவர் இரண்டாவதற்கு.

தெமூத் என்றால் ஒப்புமை, அவ்வளவுதான். செலெம்தான் கனமான சொல். அதற்குச் செதுக்கிய உருவம், சிலை என்று பொருள். எண்ணாகமம் 33:52இல் உடைத்துப் போடச் சொல்லப்படும் விக்கிரகங்களுக்கும் இதே சொல்தான். சிலையே கூடாது என்கிற வேதம், மனிதனைக் கடவுளின் சிலை என்கிறது!

இதன் பின்னணி அரண்மனையில் இருக்கிறது. அந்தக் காலத்து மேற்காசியாவிலும் எகிப்திலும் கடவுளின் உருவம் என்பது பெரும்பாலும் அரசனுக்குரிய பட்டம். துத்தன்காமுன் என்ற எகிப்திய அரசனின் பெயருக்கே ‘அமுன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்’ என்று பொருள். 1979இல் சிரியாவின் தெல் ஃபெகெரியே என்ற இடத்தில் கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆட்சியாளரின் சிலை கிடைத்தது. அதிலுள்ள அராமிக் எழுத்துகள் அந்தச் சிலையைச் செலெம், தெமூத் ஆகிய இரண்டோடும் வேர் ஒன்றான சொற்களாலேயே குறிக்கின்றன. ராஜா வர முடியாத இடத்தில் அவர் சார்பாக நிற்பது சிலை. ஆதியாகமம் அந்தப் பட்டத்தை ராஜாவிடமிருந்து எடுத்து எல்லாருக்கும் கொடுக்கிறது, ‘ஆணும் பெண்ணுமாக’ என்று சொல்லியே கொடுக்கிறது. பூமியை ஆளும் பொறுப்பும் கூடவே வருகிறது.

அப்புறம் இரண்டாம் அதிகாரம் ஆளைத் தரைக்குக் கொண்டுவருகிறது. நிலத்துக்கு எபிரேயத்தில் அதாமா. அந்த மண்ணால் உருவானவன் ஆதாம். கடவுளின் பிரதிநிதிதான், ஆனால் மண்.

ஆகவே இது மூக்கும் முழியும் பற்றிய பேச்சு இல்லை. ‘அப்படியே அப்பா சாயல்’ என்று சொல்லிப் பழகியதால், நமக்கு முகஜாடைதான் முதலில் நினைவுக்கு வரும். வேதாகமம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதம் வேறு. கொலை ஏன் கூடாது என்பதற்கு ஆதியாகமம் 9:6 தரும் காரணமே தேவசாயல். அதே சாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கிற நாவை யாக்கோபு 3:9 கண்டிக்கிறது. தமிழ்நாட்டில் சாதி பார்த்துக் கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பியவர்களும் இந்த வசனங்களை வாசித்தவர்கள்தான்.

கிரேக்கப் பெயர்ப்பில் செலெம் ‘எய்க்கோன்’ ஆயிற்று. ஐ.டி. கம்பெனிகளில் நாள் முழுக்கச் சொடுக்கும் ஐகான் அதன் வாரிசு.

தமிழில் சாயல் பழைய சொல். தொல்காப்பியம் உரியியலில் ‘சாயல் மென்மை’ என்கிறது. குறள் 1183இல் ‘சாயலும் நாணும் அவர்கொண்டார்’ என்று காதலி புலம்பும்போது அது மேனியின் அழகு. ஒப்புமை என்ற பொருளும் இதற்கு உண்டு. வேதாகமம் எடுத்துக்கொண்டது அதை.

சரி, நல்ல தமிழில் எது? தேவ என்பது வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் இறைச்சாயல் என்று எழுதலாம், பிழையில்லை. செலெமின் கனம் வேண்டுமானால் இறையுரு என்பதே என் தேர்வு. படிமம் இன்னும் நெருக்கம், ஆனால் சிலை வாடை அடிப்பதால் சபையில் எடுபடாது. ஜெபத்தில் வாயில் வருவது எப்படியும் தேவசாயல்தான்.